புல்லில் தொடங்கி மணலில் முடியும் ஓட்டம்

குதிரைப் பந்தயம் என்றதும் நம்மில் பலருக்கும் கிண்டி ஞாபகம் வரும். கூடவே, ரேஸில் வீட்டைத் தொலைத்த யாரோ ஒரு பெரியப்பாவின் கதையும் வரும். இந்தப் பதிவு பணத்தைப் பற்றியது இல்லை. குதிரையின் காலுக்குக் கீழே இருக்கும் தரையைப் பற்றியது. அதுவும் ஜப்பானில், வேலி, பள்ளம், தண்ணீர்க் குழி என்று எல்லாவற்றையும் தாண்டிக்கொண்டு ஓடுகிற தடைதாண்டும் பந்தயத்தின் தரையைப் பற்றியது.

"இதெல்லாம் ஒரு மேட்டரா?" என்று கேட்கலாம். நான் பிழைப்பது சாலை போடுகிற வேலையில், புனே பக்கம். மண்ணை இறுக்குவதும், சரியாக இறுகியதா என்று சோதிப்பதும்தான் அன்றாடம். யூட்யூபில் தற்செயலாக ஒரு ஜப்பானியப் பந்தயம் பார்த்தபோது, எல்லோரும் குதிரையைப் பார்க்க, என் கண் தரைக்குத்தான் போனது. குதிரைகள் புல்லில் கிளம்பின, உள்ளே போய் வேலிகளைத் தாண்டின, கடைசியில் மணலில் ஓடி முடித்தன. ஒரே பந்தயத்துக்கு எதற்கு இரண்டு தரை? தோண்டிப் பார்த்ததில், அந்த நாட்டில் தடைதாண்டும் பந்தயத்தின் மொத்த வரலாறும் அந்தத் தரையிலேயே இருக்கிறது என்று பட்டது.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் பெரிய பந்தயங்களை நடத்துவது ஜேஆர்ஏ என்ற அமைப்பு. 1954-ல் தொடங்கியது. அதற்குப் பத்து மைதானங்கள். தோக்கியோ, நகாயமா, கியோத்தோ, ஹன்ஷின் என்ற நான்கு பெரிய மைதானங்களையும் மேலிருந்து பார்த்தால் குறுக்கே வெட்டிய வெங்காயம் மாதிரி இருக்கும். வெளி வளையம் புல். அதற்குள் மணல் வளையம். அதற்கும் உள்ளே, கடைசி வளையமாகத் தடைதாண்டும் தடம், அதுவும் புல்தான். பார்வையாளர் மேடையிலிருந்து மிகத் தள்ளி இருப்பது இந்தக் கடைசி வளையம். இந்த வரிசையை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலைக்கு ஆகும்.

இனி வரலாறு. தடைதாண்டும் பந்தயம் பிறந்தது அயர்லாந்தில். 1752-ல் இரண்டு பேர் ஒரு தேவாலயக் கோபுரத்திலிருந்து இன்னொரு ஊரின் கோபுரத்தைக் குறிவைத்துக் குதிரை விட்டார்கள் என்று கதை. நடுவில் வயல், வரப்பு, ஓடை, வேலி எது வந்தாலும் தாண்டிப் போக வேண்டும். ஆக, இந்த விளையாட்டின் தரை ஆரம்பத்தில் யாரும் போட்ட தரை இல்லை. அது வெறும் நாட்டுப்புறம். மேடு மேடாகவும் சேறு சேறாகவும் எப்படி இருந்ததோ அப்படி.

ஜப்பானுக்கு மேற்கத்திய முறைக் குதிரைப் பந்தயம் வந்தது யோகோஹாமா துறைமுகத்தில் குடியேறிய வெள்ளைக்காரர்களோடு. 1866-ல் அங்கே நெகிஷி மைதானம் உருவானது. ஆனால் அரசாங்கத்துக்குப் பந்தயத்தில் அக்கறை வந்தது வேறு காரணத்தால். சீனாவோடும் (1894-95) ரஷ்யாவோடும் (1904-05) போர் செய்தபோது தங்கள் குதிரைகள் எதிரியின் குதிரைகளுக்கு ஈடில்லை என்று ராணுவத்துக்கு உறைத்தது. நல்ல குதிரை வேண்டும் என்றால் இனவிருத்தி வேண்டும், அதற்குப் பணம் வேண்டும், பணத்துக்குப் பந்தயம் வேண்டும். 1906-ல் பந்தயம் கட்டுவதைக் கண்டும் காணாமல் விட்டார்கள். கூத்து அதிகமாகி 1908-ல் தடை செய்தார்கள். 1923-ல் சட்டம் போட்டு மறுபடி அனுமதித்தார்கள். டாஸ்மாக் காலத்து நமக்கு இந்த வரிசை ஒன்றும் புதிதாக இருக்காது.

ராணுவத்தின் கண்ணில், பள்ளம் தாண்டும் குதிரை வெறும் வேடிக்கை இல்லை. அது போர்க்களத்துக்கான தகுதி. 1932-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நிஷி தாகேஇச்சி என்ற குதிரைப்படை அதிகாரி, உரானஸ் என்ற குதிரையில் தடைதாண்டும் போட்டியில் தங்கம் வாங்கினார். அதே 1932-ல்தான் ஜப்பானிய டெர்பியும் தொடங்கியது. அது தோக்கியோ கழகத்தின் பெருமை. பக்கத்தில் இருந்த நகாயமா கழகத்துக்கு அந்த மாதிரி ஒன்று இல்லை. தங்களுக்கும் டெர்பிக்கு நிகராக ஒன்று வேண்டும் என்று 1934-ல் அவர்கள் உருவாக்கியதுதான் இன்று நகாயமா தாய்ஷோகாய் எனப்படும் பந்தயம். தாய்ஷோகாய் என்றால் 'பெரும் தடை'.

கவனியுங்கள், தடைதாண்டும் பந்தயம் அன்று டெர்பிக்குப் போட்டியாக வைக்கப்பட்ட சரக்கு. எச்சில் இலை இல்லை, தலைவாழை இலை. அதனால் அதற்கென்று தனித் தரையும் கிடைத்தது.

நகாயமாவின் அந்தத் தரையைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம். வளையத்துக்குள்ளே குறுக்கே ஓடும் ஒரு பாதை உண்டு. ஜப்பானியர்கள் கிமோனோ கையைத் தூக்கிக் கட்ட முதுகில் குறுக்காகப் போடும் நாடாவுக்குத் 'தாசுகி' என்று பெயர், இந்தக் குறுக்குப் பாதைக்கும் அதே பெயர். இதன் வழியாகப் போனால் வலப்பக்கமாகச் சுற்றிய குதிரை இடப்பக்கமாகச் சுற்றத் தொடங்கும். வழியில் தரை திடீரென்று பள்ளத்தில் இறங்கி மறுபடி செங்குத்தாக ஏறும். தாண்டுவதற்கு எதுவுமே இல்லை, தரையே அங்கே தடை. குறுக்குப் பாதையில்தான் 160 செ.மீ. உயரப் பெரிய மூங்கில் படலும், அதே உயரத்தில் பெரிய உயிர்வேலியும் நிற்கின்றன. இந்த இரண்டையும் வருடத்தில் இரண்டே பந்தயங்களில்தான் தாண்டுகிறார்கள். ஒன்று டிசம்பரில் நடக்கும் தாய்ஷோகாய், 4100 மீட்டர். இன்னொன்று ஏப்ரலில் நடக்கும் நகாயமா கிராண்ட் ஜம்ப், 4250 மீட்டர். முன்பு வசந்தத்தில் நடந்த தாய்ஷோகாய்தான் 1999-ல் கிராண்ட் ஜம்ப் என்று பெயர் மாறியது.

வருடத்தில் இரண்டு பந்தயத்துக்காக ஒரு மூங்கில் படலையும் ஒரு உயிர்வேலியையும் வருடம் முழுவதும் வளர்த்துப் பராமரிக்கிறார்கள். திருவிழா அன்று மட்டும் ஓடும் தேருக்காக வீதியை அகலமாக வைத்திருக்கும் ஊர்கள் நம்மிடமும் உண்டு, அப்படி நினைத்துக்கொண்டேன்.

சரி, மற்ற மைதானங்கள்? இங்கேதான் கதை மாறுகிறது. போருக்குப் பிறகு குதிரைப்படை என்ற ஒன்றே இல்லாமல் போனது. பந்தயத்தின் கவர்ச்சியும் பணமும் சமதள ஓட்டத்துக்குப் போயின. சமதளத்தில் ஜெயிக்க முடியாத குதிரைக்கு இன்னொரு வாய்ப்பு என்ற இடத்துக்குத் தடைதாண்டும் பந்தயம் இறங்கியது. இன்று ஜப்பானில் அதை நடத்துவது ஜேஆர்ஏ மட்டும்தான். அதன் பத்து மைதானங்களில் ஹொக்கைடோ தீவில் இருக்கும் சப்போரோ, ஹகோதாதே இரண்டிலும் அது கிடையாது.

மீதி எட்டிலும் கௌரவம் ஒரே மாதிரி இல்லை. 2001-ல் புதுப்பித்த நீகாட்டாவில், ஜப்பானிலேயே ஒரே ஒரு 1000 மீட்டர் நேர்த்தடம் போட்டார்கள். ஆனால் தடைதாண்டும் பந்தயத்துக்கு அங்கே சொந்தத் தடம் இல்லை. சமதளப் பந்தயம் ஓடும் அதே புல்லில், தூக்கிவைக்கும் தடைகளைக் கொண்டுவந்து வைத்து ஓட்டிவிட்டு, முடிந்ததும் எடுத்துவிடுகிறார்கள். கல்யாண மண்டபத்தைக் காலி செய்கிற மாதிரி. 2012-ல் புதுப்பித்துத் திறந்த சுக்கியோவிலும் இதே ஏற்பாடுதான். ஃபுகுஷிமாவிலும் கொகுராவிலும் குறுக்குப் பாதை உண்டு, மீதிக்குச் சமதளப் புல்லை வாங்கிக்கொள்கிறார்கள்.

நான் முதலில் கேட்ட கேள்விக்கும் இங்கேதான் பதில். பெரிய மைதானங்களில் உள்வளையத்தில் ஓடிய குதிரைகள் கடைசியில் மக்கள் முன்னால் வந்து முடிக்க வேண்டும். அதற்கு வெளியே வர வேண்டும். வெளியே வந்தால் முதலில் மணல், அதற்கும் அப்பால் புல். சாதாரண நாளின் சாதாரணப் பந்தயம் என்றால் பெரும்பாலும் மணலிலேயே ஓடி முடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஏன் என்றால் புல் தேய்ந்துவிடும். சமதளப் பந்தயங்களுக்காகவே உள்வேலியை ஏ, பி, சி என்று வாரக்கணக்கில் நகர்த்தி நகர்த்திப் புல்லைக் காப்பாற்றுகிறார்கள். குளம்பு கிளப்பிய ஒவ்வொரு குழியையும் ஆட்கள் நடந்து போய் நிரப்புகிறார்கள். அவ்வளவு பொத்திப் பொத்தி வைத்திருக்கும் புல்லை, காலையில் ஓடும் தடைதாண்டும் குதிரைகளுக்கு விட மனசு வராது. நகாயமாவின் இரண்டு பெரும் பந்தயங்கள் மாதிரி விசேஷம் என்றால் மட்டும் மணலைக் குறுக்கே தாண்டி, புல்லுக்கு வந்து, புல்லிலேயே முடிக்கலாம்.

வீட்டில் நல்ல பாயை யாருக்கு விரிக்கிறோம், யாருக்குச் சும்மா உட்காரச் சொல்கிறோம் என்பதில் ஒரு கணக்கு இருக்கும் இல்லையா, அதே கணக்குதான்.

இதில் தொழில்நுட்பமாக எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அது மழை. ஜப்பானியப் பந்தயத்தில் 'டர்ட்' என்று சொல்வது அமெரிக்க மாதிரிக் களிமண் கலந்த மண் இல்லை. அசல் மணல். கெட்டியான அடித்தளத்தின் மேல் 9 செ.மீ. கனத்துக்கு மணல் பரப்பியிருப்பார்கள். மெரினாவில் நடந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். காய்ந்த மணலில் கால் புதையும், நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கும். அலை நனைத்த ஓரத்தில் ஓடவே செய்யலாம். அதே மாதிரிதான் இங்கேயும். மழை பெய்தால் மணல் தடம் இறுகி வேகம் கூடும். ஆனால் புல் தடம் மழையில் இளகும், வேகம் குறையும். ஆக, புல்லில் தொடங்கி மணலில் முடியும் ஒரு பந்தயத்தில், மழை முதல் பாதியை மெதுவாக்கும், கடைசிப் பாதியை வேகமாக்கும். அதோடு முன்னால் ஓடும் குதிரை வாரி இறைக்கும் மணல் பின்னால் வருபவர் முகத்தில். மூன்று கிலோமீட்டர் வேலி தாண்டிவிட்டு வரும் குதிரைக்கு இப்படி ஒரு கடைசிப் பரீட்சை.

புல்லுக்கும் ஒரு கதை உண்டு. ஜப்பானின் சொந்தப் புல்லுக்கு நோஷிபா என்று பெயர். நம் அறுகு மாதிரி படர்ந்து வேர்விட்டுப் பின்னிக்கொள்ளும் ஜாதி. கோடையில் செழிக்கும், குளிர்காலத்தில் வைக்கோல் நிறமாகித் தூங்கிவிடும். 1981-ல் ஜப்பான் கப் தொடங்கி வெளிநாட்டுக் குதிரைகள் நவம்பரில் வரத் தொடங்கின. வந்தவர்கள் பார்த்தது பழுப்புப் புல்லை. குளிர்காலத்திலும் பச்சையாக இருக்க ஒரு வழி கண்டார்கள். இலையுதிர்காலத்தில் நோஷிபாவின் மேலேயே இத்தாலியன் ரைகிராஸ் என்ற குளிர்காலப் புல்லின் விதையைத் தூவுவது. இது 1990-களில் பரவியது. கோடை வந்ததும் ரைகிராஸ் போய்விடும், நோஷிபா எழுந்துகொள்ளும். ஒரே நிலத்தில் இரண்டு போகம்.

பின்னிப் படர்ந்த இந்தப் புல்லின் குணம், அது குதிரையின் காலை உள்ளே விடாது. தரை உறுதியாக, வேகமாக இருக்கும். அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் தடைதாண்டும் பந்தயத்தின் முக்கிய சீசனே குளிர்கால ஈரத்தில்தான். தரை கெட்டியாக இருந்தால் தண்ணீர் விட்டு இளக்குவார்கள். 2000-ல் கிராண்ட் ஜம்ப் வெளிநாட்டுக் குதிரைகளுக்குத் திறந்துவிடப்பட்டது. இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள் என்றுதானே நினைப்போம்? ஜெயித்தவர்கள் பட்டியலைப் பாருங்கள். 2002-ல் நியூசிலாந்தின் செயின்ட் ஸ்டீவன். 2005, 2006, 2007 மூன்று வருடமும் ஆஸ்திரேலியாவின் கராசி. ஐரோப்பாவிலிருந்து வந்து ஜெயித்த ஒரே குதிரை, 2013-ல் அயர்லாந்தின் பிளாக்ஸ்டேர்மவுண்டன், ரூபி வால்ஷ் ஓட்டியது. எல்லாவற்றுக்கும் தரைதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உறுதியான தரையில் வேகமாக ஓடிப் பழகிய நாடுகளின் குதிரைகளுக்கு இங்கே அந்நியமாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அந்த உறுதியை எப்படி அளப்பது? இங்கே என் தொழிலே வந்துவிட்டது. 1970-களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் பேடன் கிளெக் என்ற பொறியாளர், சாலையின் அடித்தளம் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்க ஒரு சுத்தியல் கருவி செய்தார். ஒரு எடையைக் குழாய்க்குள் விட்டு விழச் செய்து, தரையில் பட்டதும் எவ்வளவு சடாரென்று நிற்கிறது என்று அளப்பது. அவ்வளவுதான் விஷயம். ஜேஆர்ஏ அதே கருவியில் 2.25 கிலோ எடையை 45 செ.மீ. உயரத்திலிருந்து விட்டு, புல் தடத்தின் 'குஷன் மதிப்பு' என்று ஒரு எண்ணை 2020 செப்டம்பர் முதல் வெளியிடுகிறது. 8 முதல் 10 வரை இருந்தால் சாதாரணம். 12-க்கு மேல் கெட்டி. 7-க்குக் கீழே மெத்து. அதற்கு முன்பு தரைக்கு இருந்தது நான்கே வார்த்தைகள்: நன்று, சற்றே கனம், கனம், மோசம். இன்றும் அந்த வார்த்தைகள் இருக்கின்றன, எண் கூடச் சேர்ந்திருக்கிறது.

நல்ல முன்னேற்றம்தான். ஆனால் தடை தாண்டிய குதிரை வந்து இறங்கும் அந்த இடத்துக்கென்று தனி எண் இல்லை. அரை டன் எடை, நாலு மாடு உயரத்தில் இல்லாவிட்டாலும் ஒன்றரை மீட்டருக்கு மேலிருந்து, முதலில் ஒரே ஒரு முன்னங்காலில் இறங்குகிறது. கெட்டித் தரை என்றால் அதிர்ச்சி எலும்புக்குப் போகும். இளகிய தரை என்றால் கால் புதைந்து தடுமாறும், களைப்பும் சீக்கிரம் வரும். சாலைக்காரனாகச் சொல்கிறேன், இரண்டுக்கும் நடுவில் சரியான தரை என்பது மிகக் குறுகிய ஒரு பட்டை.

அந்தப் பட்டையின் இரு முனைகளையும் காட்ட ஒரே குதிரை போதும். ஓஜு சோசான். சமதளத்தில் இரண்டு முறை ஓடி இரண்டிலும் தோற்று, தடைதாண்டப் போன குதிரை. 2016 முதல் 2020 வரை தொடர்ந்து ஐந்து கிராண்ட் ஜம்ப் ஜெயித்தது. 2018-ல், நன்று என்று அறிவிக்கப்பட்ட தரையில், 4250 மீட்டரை 4 நிமிடம் 43.0 விநாடியில் ஓடிச் சாதனை படைத்தது. 2020 ஏப்ரல் 18, கொரோனா காலம், மேடையில் ஆள் இல்லை, மழை, தரை 'மோசம்'. அதே குதிரை, அதே தடம், அதே தடைகள். ஜெயித்தது, ஆனால் 5 நிமிடம் 2.9 விநாடி. கிட்டத்தட்ட இருபது விநாடி வித்தியாசம். தூரமாகப் பார்த்தால் சுமார் 300 மீட்டர். அதாவது 2018-ன் ஓஜு சோசானும் 2020-ன் ஓஜு சோசானும் ஒன்றாக ஓடியிருந்தால், முதலாவது முடித்தபோது இரண்டாவது கடைசி வளைவில் இருந்திருக்கும். மழை செய்த வேலை இது.

அதே 2020 பந்தயத்தில், முந்தைய டிசம்பரில் தாய்ஷோகாய் ஜெயித்த ஷிங்குன் மைக்கேல் என்ற குதிரை கடைசித் தடையில் விழுந்து இறந்தது. நான்கு கிலோமீட்டர் ஓடி, பள்ளமும் படலும் உயிர்வேலியும் தாண்டி, ஒரே ஒரு தடை மிச்சம் இருக்கும்போது. தரையின் மேல் பழி போட எனக்கு உரிமை இல்லை. நல்ல தரையிலும் குதிரைகள் விழுகின்றன. ஆனால் அந்த வீடியோவைப் பார்த்தபின் 'மோசம்' என்ற வார்த்தையை வெறும் வானிலைக் குறிப்பாக என்னால் படிக்க முடியவில்லை.

ஓஜு சோசான் 2018-ல் மறுபடி சமதளத்துக்கு வந்து, ஜூலையில் ஃபுகுஷிமாவிலும் நவம்பரில் தோக்கியோவிலும் புல்லில் ஜெயித்து, டிசம்பரில் அரிமா கினென் என்ற உச்சப் பந்தயத்தில் ஒன்பதாவதாக வந்தது. உள்வளையத்தில் ஓடிய குதிரை வெளிவளையத்துக்கு வந்து நின்றதைப் பார்க்கவே அன்று நகாயமாவில் கூட்டம் அலைமோதியது. பிறகு தடைகளுக்கே திரும்பி, 2021 தாய்ஷோகாயும் 2022 கிராண்ட் ஜம்ப்பும் ஜெயித்து, முதல்தர வெற்றிகள் ஒன்பது என்ற கணக்கோடு 2022 கடைசியில் ஓய்வு பெற்றது.

சாலை வேலையில் ஒரு பாடம் உண்டு. எந்தத் தெருவுக்கு எத்தனை அடுக்கு தார் போடுகிறார்கள் என்று பார்த்தால் அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். ஜப்பானின் தடைதாண்டும் குதிரைகளுக்கு 1934-ல் ஒரு சொந்த வீதி கிடைத்தது. மற்ற இடங்களில் பிறகு கிடைத்தது ஒண்டுக்குடித்தனம். குஷன் மதிப்பு எண்ணைத் தடைகள் இறங்கும் இடத்துக்கும் எடுத்து வெளியிட்டால், அந்தக் குடித்தனத்துக்கு முதல் ரசீது கிடைத்த மாதிரி இருக்கும். சுத்தியல் கையில்தான் இருக்கிறது, உள்வளையம் வரை நடக்க வேண்டும், அவ்வளவே.